வீடு தேடி வரும் சேவையும் நாம் தேடிப் போகவேண்டிய உதவியும்

அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை என்பதால், ஏழைக்கும் வசதியுள்ளவருக்கும் இலங்கையில் சுகநலம் ஒரேயளவாகக் கிடைக்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். பாடசாலை வயது வரை அது பெருமளவு உண்மை.

பிரதேசம் பிரித்து நோய்த்தடுப்பையும் தாய்சேய் நலத்தையும் கவனிக்கும், 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையே இன்று யாழ்ப்பாணத்தின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் நடைமுறையில் உள்ளது. கர்ப்பம் தரித்ததை அறிந்ததும் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் பதிந்துவிட்டால் கிளினிக் திகதி, இரும்புச்சத்து மாத்திரை, திரிபோஷா சத்துமா, பிரசவத்தின் பின்னான வீட்டுத் தரிசிப்பு ஆகியவை வருமானம் விசாரிக்கப்படாமலே கிடைக்கும். பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோடு மேலேறாமல் படுத்துவிட்டால், தாய் சொல்லாவிட்டாலும் உத்தியோகத்தர் காரணம் கேட்பார். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியும் 2017 முதல் தரம் 6 மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே போடப்படுகிறது.

வேலை வயதில் இந்த ஒழுங்கு மாறுகிறது. தனியார் துறைப் பெண்களுக்கு மூன்றாவது பிள்ளை முதல் 42 நாளாகக் குறைந்திருந்த பிரசவ விடுமுறை, 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாளானது. நல்ல திருத்தந்தான், ஆனால் வலிகாமத்து வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் புல்லுப் பிடுங்கும் பெண்ணுக்கு விடுமுறை தர நிலையான முதலாளி எவரும் இல்லை. ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் சலரோகம், பிரஷர் ஆகியவற்றை இலவசமாகப் பரிசோதிக்கலாம் என்றாலும், காலையில் அங்கே போனால் அன்றைய கூலி இல்லை. இதனால் கூலித்தொழிலாளரின் வருத்தம் முற்றிய பிறகே பலவேளைகளில் தெரியவருகிறது. நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை கிளினிக்குக்கு வருபவரோ குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் படகேறி, அங்கிருந்து பஸ் பிடிக்கவேண்டும். மருந்து இலவசம், வழிச்செலவு அவருடையது.

முதுமையில் இந்தச் சுமை இன்னும் கூடுகிறது. வறிய குடும்பங்களுக்கான சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தை 2023இல் பிடித்த அஸ்வெசும நலன்புரித் திட்டம், விண்ணப்பம், கணக்கெடுப்பு, வங்கிக் கணக்கு, முறையீடு என்று பல படிகளைக் கொண்டது. படிவம் நிரப்ப ஆளில்லாத முதியவரே இதில் முதலில் விடுபடுகிறார் என்பது என் கணிப்பு.

குறைந்த வருமானமுள்ள 70 வயதைக் கடந்தோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் உரிய கொடுப்பனவுகள் அஸ்வெசும குடும்பக் கொடுப்பனவிலிருந்து வேறானவை. ஆகவே குடும்பப் பட்டியலில் பெயர் வரவில்லை என்று இருந்துவிடாமல், கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ இவற்றைத் தனியாக விசாரிக்க வேண்டும். போகும்போது தேசிய அடையாள அட்டையையும் கிளினிக் கொப்பியையும் கொண்டுசெல்வது நல்லது.