கண்ட இடத்தில் ரோட்டைக் கடந்தால் இழப்பீடு கிடைக்காதா?

"ஜீப்ரா கோட்டில் கடக்கவில்லை சார், தப்பு எங்கள் மேல்தானே?" விபத்து வழக்குக்காக என் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்கு வரும் குடும்பங்கள் பலவும் இப்படித்தான் பேச்சைத் தொடங்குகின்றன. மோட்டார் சைக்கிள் மோதி இடுப்பெலும்பு உடைந்து அம்மா படுக்கையில் கிடப்பார். மகனே இதைச் சொல்வார். இன்சூரன்ஸ்காரர் வாய் திறக்கும் முன்பே பாதி வழக்கை நாமே விட்டுக்கொடுத்துவிடுகிறோம்.

ரோடு என்றால் வண்டிக்குத்தான் என்ற எண்ணத்துக்கு நூறு வயதுதான் ஆகிறது. கார் வந்த புதிதில் அமெரிக்க நகரங்களில் பிள்ளைகள் தெருவில்தான் விளையாடினார்கள். யாராவது அடிபட்டுச் செத்தால் ஊரின் கோபம் ஓட்டுநர் மேல் பாய்ந்தது. 1923இல் சின்சினாட்டி நகரில் 42,000க்கும் அதிகமானோர் ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள்: கார் மணிக்கு 25 மைலுக்கு மேல் ஓடாதபடி அதில் கருவி பொருத்த வேண்டும். கார் வியாபாரிகள் பதறிப்போய்ப் பெரும் பிரசாரம் செய்து, வாக்கெடுப்பில் அதைத் தோற்கடித்தார்கள். அப்புறம் பழி நடப்பவர் பக்கம் திரும்பியது. கண்டபடி கடப்பவரைப் பட்டிக்காட்டான் என்று கேலி செய்தார்கள். 1925இல் லாஸ் ஏஞ்சலஸ் கொண்டுவந்த கடும் விதிகளின் போக்கிலேயே 1928இல் நாடு முழுவதற்குமான மாதிரிச் சட்டமும் வந்தது. இங்கிலாந்தில் இன்றும் மோட்டார்வே எனும் அதிவேக நெடுஞ்சாலை போன்ற இடங்கள் தவிர கண்டபடி கடப்பது குற்றமில்லை. கலிபோர்னியாகூட 2023 முதல் ஆபத்தில்லாமல் கடப்பவரை விட்டுவிடுகிறது.

நம் மலேசியாவில் பக்கத்தில் கடவை இருக்க, அதை விட்டுவிட்டுக் கடந்தால் சம்மன் வரலாம். சரி, அது வேறு, இழப்பீடு வேறு. 1956ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, அடிபட்டவர் மீதும் தவறிருந்தால் தொகை குறையும், வழக்கு அதனாலேயே விழாது. உதாரணத்துக்கு, இழப்பு 1 லட்சம் ரிங்கிட், நடந்தவர் பங்கு 40 விழுக்காடு என்றால் 60,000 கிடைக்கும். வண்டியின் வேகம், வெளிச்சம், கடவை எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். முழுத் தவறும் நடந்தவருடையது என்று தீர்ப்பானால் ஒன்றும் கிடைக்காது. அதை நீதிபதி சொல்லட்டும், நாம் முந்த வேண்டாம். முட்டி தேய்ந்த பாட்டி மேம்பாலம் ஏறவில்லை என்று குறை சொல்பவர்கள் அந்தப் படிகளை ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும். அதிலும் மோட்டார்கள் ஏறி வருவது தனிக் கதை.

போலீஸ் ரிப்போர்ட்டில் நடந்ததை மட்டும் சொல்லுங்கள்: எங்கே நின்றீர்கள், வண்டி எந்தப் பக்கமிருந்து வந்தது. "என் தவறுதான்" என்று நீங்களாகத் தீர்ப்பு எழுதாதீர்கள். எதிர்க்கடையில் கேமரா இருந்தால் அன்றே கேளுங்கள், பதிவு சீக்கிரம் அழிந்துவிடும். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ அடிபட்டிருந்தால் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்திலும் மனுச் செய்யலாம். அங்கே யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

காயத்துக்கான வழக்கைப் பொதுவாக 6 ஆண்டுக்குள் தொடுக்கலாம். உயிர் போயிருந்தால், அவரை நம்பியிருந்த குடும்பத்துக்கு 3 ஆண்டுதான். காரியம் முடியட்டும், திதி முடியட்டும் என்று தள்ளிப்போட்டு நாலாவது ஆண்டில் கோப்போடு வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்னால் பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை.