கத்திரி வெயிலும் ஒரு பானைப் பழைய சோறும்

2003ஆம் ஆண்டு மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் வெப்பநிலை 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அப்படிப்பட்ட நாள்கள் சென்னைக்கு அபூர்வம். என்றாலும், 36 டிகிரி மட்டுமே பதிவாகும் சாதாரண மே மாதப் பகலில்கூட, சாப்பிட உட்காரும்போது இந்த ஊரில் பலருக்குப் பசி மந்தித்து, ஒரு சொம்பு மோர் குடித்தால் போதும் என்று தோன்றிவிடுகிறது. அதே நாளில் 40 டிகிரி வெயிலைக் காணும் வேலூர்க்காரர் நம்மைவிடத் தெம்பாக நடமாடலாம். இதற்கான காரணம் தெரிந்துவிட்டால், வெயில் காலத்தில் குடும்பத்துக்கு என்ன சமைப்பது என்ற கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் குண்டு பல்பின் அளவுக்கு வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. வெயில் நாளில் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி; சுற்றியுள்ள காற்று அதைவிடச் சூடாகிவிட்டால் வெப்பம் வெளியிலிருந்து உடலுக்குள்தான் பாயும். அப்போது எஞ்சி நிற்கும் ஒரே வழி, வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின்மேல் ஆவியானால் அது ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஆனால் சொட்டுச் சொட்டாக வழிந்து சட்டையை நனைத்துக் கீழே விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. நீரையும் உப்பையும் மட்டும் கொண்டுபோகிறது. கடலோர ஊரின் புழுக்கம் செய்யும் கெடுதல் இதுதான். 36 டிகிரி வெப்பமும் 60 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள காற்றில், ஆவியாதலால் எவ்வளவு தூரம் குளிர முடியும் என்பதைக் காட்டும் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி சுமார் 29 டிகிரியில் நின்றுவிடும். 40 டிகிரியானாலும் ஈரப்பதம் 30 விழுக்காடாக இருந்தால் அது 26 வரை இறங்கும். மண்பானைத் தண்ணீரும் இந்த எல்லையைத் தாண்டிக் குளிராது என்பதால், ஒரே பானை சென்னையைவிட வேலூரில் நன்றாகக் குளிர்கிறது.

வெயில் நாளின் உணவு எப்படி இருக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த 5 டிகிரி குளிர்ந்த நீரை 250 மில்லி குடித்தால், அது உடல் வெப்பநிலைக்கு வருவதற்குள் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளும் வெப்பம் வெறும் 8 கிலோகலோரி. அதே 250 மில்லி நீர் வியர்வையாக வெளிவந்து ஆவியானால் 145 கிலோகலோரி போகிறது. ஆகவே தொண்டையில் இறங்கும்போது தெரியும் ‘ஜில்’ உணர்வு இதமானதே தவிர, குளிர்விக்கும் பெரிய வேலையைச் செய்வது உள்ளே சேர்ந்து பிறகு வியர்வையாகும் நீர்தான். சாப்பாடு அந்த நீரையும், அதோடு வெளியேறும் உப்பையும் ஈடுசெய்ய வேண்டும். கூடவே, தன் பங்குக்கு உடலிலும் வீட்டிலும் வெப்பத்தைக் கூட்டாமல் இருக்க வேண்டும்.

உணவே உடலில் வெப்பத்தை உண்டாக்குகிறது. செரிப்பதற்கும் சேமிப்பதற்கும் ஆகும் செலவாக, புரதத்தின் ஆற்றலில் 20 முதல் 30 விழுக்காடும் மாவுச்சத்தில் 5 முதல் 10 விழுக்காடும் வெப்பமாகிவிடுகின்றன; கொழுப்பில் இது 3 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. கறி நிறைய உள்ள 800 கிலோகலோரி பிரியாணி தோராயமாக 100 கிலோகலோரி வெப்பத்தைத் தரும் என்றும், 350 கிலோகலோரி தயிர் சாதம் 35 தரும் என்றும் வைத்துக்கொண்டால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை வெளியேற்றவே 100 மில்லிக்கு மேல் வியர்வை ஆவியாக வேண்டும். பகல் வேளைக்கு அளவாகச் சாப்பிட்டு, கறியையும் முட்டையையும் இரவுக்குத் தள்ளிவைப்பது இதனால்தான் பொருத்தமாக இருக்கிறது. குழந்தைகளுக்குப் புரதம் குறைந்துவிடக் கூடாது. வேளையை மாற்றினாலே போதும்.

அடுப்பை நாம் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. அதைப் பற்றி எனக்கு உண்மையான ஆதங்கம் உண்டு, ஏனென்றால் வீட்டில் ஒருவர் மட்டுமே அந்த வெப்பத்தின் முன் நிற்கிறார். 2 கிலோவாட் அளவில் ஒரு மணி நேரம் எரியும் பர்னர் ஏறத்தாழ 155 கிராம் எரிவாயுவைச் செலவிடுகிறது. அதன் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தைத் தொடாமலே அறைக்குள் போய்விடுகிறது. பாத்திரத்துக்குள் சென்றதும் பின்னர் ஆவியாகவும் சூடாகவும் பெரும்பாலும் அறைக்கே வந்து சேர்கிறது. எரிவாயு எரியும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகிறது என்பது பலர் அறியாத செய்தி: 155 கிராம் எரிவாயு ஏறக்குறைய 250 கிராம் நீராவியை, அதாவது ஒரு டம்ளர் தண்ணீரை, காற்றில் கலக்கிறது. ஏற்கெனவே வியர்வை காயாத ஊரில், மூடிய சமையலறையில் பகல் 12 மணிக்குக் குழம்பு கொதிக்கவிடுவது என்ன செய்யும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். காலை 7 மணிக்குள் அடுப்பை அணைத்துவிடுவது, எந்தக் குளிர்பானமும் தராத நிம்மதியைச் சமைப்பவருக்குத் தரும்.

காலையில் அடுப்பே பற்றவைக்காத சாப்பாடு ஒன்று நம்மிடம் இருக்கிறது. இரவு வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால் விடிவதற்குள் அது பழைய சோறாகிவிடுகிறது. மே மாத இரவில் சென்னை வீட்டுக்குள் 28, 30 டிகிரிக்குக் கீழே வெப்பம் இறங்குவதில்லை. லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு இது வசதியான வெப்பநிலை. பானையின் நுண்துளைகளிலிருந்தும், கரண்டியிலிருந்தும், காற்றிலிருந்தும் வந்து சேரும் இவை சோற்றிலிருந்து கரையும் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் நீர் மெல்லிய புளிப்பை அடைகிறது. அந்தப் புளிப்பே பானைக்குக் காவல். அமிலம் போதிய அளவு ஏறியபின் நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை அதில் வளர முடிவதில்லை.

ஆனால் காவல் வந்து சேரும்வரை உள்ள முதல் சில மணி நேரம் கவனத்துக்குரியது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோறு மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தி உண்டாக்கும் நச்சைச் சுரக்கலாம். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. ஆகையால் பகலில் வைத்து இரவுவரை குக்கரிலேயே கிடந்த சோற்றைப் பழைய சோறாக்குவது தவறு. இரவு வடித்த சோற்றை அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, ஒரு மணி நேரத்துக்குள், கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர் ஊற்றி, முந்தைய நாள் நீராகாரத்தில் ஒரு கரண்டி சேர்த்தால், நல்ல பாக்டீரியாக்கள் முந்திக்கொள்ளும். காலையில் இனிய புளிப்பு மணத்துக்குப் பதிலாகக் கெட்ட வாடையோ கொழகொழப்போ இருந்தால் தயங்காமல் கொட்டிவிட வேண்டும்.

இந்த உணவின்மேல் எனக்குள்ள அன்பினாலேயே ஒரு தவறான புகழ்ச்சியைத் திருத்த விரும்புகிறேன். இரவு ஊறியதும் சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்கு பெருகிவிடுகிறது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் ஆண்டுதோறும் வலம் வருகிறது. இரும்பு ஒரு தனிமம்; பாக்டீரியா அதை உண்டாக்க முடியாது. இரும்பைப் பிணைத்துவைத்திருக்கும் பைட்டிக் அமிலம் புளிக்கும்போது சிதைவதால், இருக்கும் இரும்பில் உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய பங்குதான் கூடுகிறது. தீட்டிய அரிசியில் பைட்டிக் அமிலமும் குறைவு, இரும்பும் குறைவு. ஆதலால் பலனும் சிறிதே. கேழ்வரகு மாவை இரவே கரைத்துப் புளிக்கவைத்து, நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, ஆறியபின் மோரில் கரைத்துத் தரும் கூழில் இந்த நன்மை மேலும் பொருள்படும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியமும் இருக்கிறது. வெயில் தொடங்கியதும் சென்னைத் தெருவோரங்களில் நிற்கும் கூழ் வண்டிகளுக்கு இன்னும் அதிக மதிப்புக் கொடுக்கலாம்.

பழைய சோற்றின் உண்மையான வலிமை அதன் நீரில் இருக்கிறது. குடல் சுவரில் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் ஒரு புரதம் உண்டு. இரண்டும் நுழையும்போது நீரும் பின்தொடர்கிறது. உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்த இந்தக் கருத்தே உப்பு சர்க்கரைக் கரைசலின் அடிப்படை. 1971இல் வங்காள அகதி முகாமில் மருத்துவர் திலீப் மஹலநாபிஸ் அக்கரைசலால் ஏராளமான காலரா நோயாளிகளைக் காப்பாற்றினார். உப்புப் போட்ட நீராகாரத்தில், சோடியத்தோடு, செரித்துக் குளுக்கோஸாகும் மாவுச்சத்தும் இருப்பதால் அதே வாயில் திறக்கிறது. வயிற்றுப்போக்குக்கு இது மருந்தாகாது. அப்போது உரிய கரைசலையே கொடுக்க வேண்டும். ஒரு லிட்டர் வியர்வையில் ஏறக்குறைய 1 கிராம் சோடியம் போகிறது. அரைத் தேக்கரண்டி உப்பு அதை ஈடுசெய்யும். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. வயது ஏற ஏறத் தாக உணர்வு மங்குவதால், பாட்டி தாத்தாவுக்குக் கேட்காமலே ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் எதற்கு? மிளகாயின் காரப்பொருள், 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணரும் அதே நரம்பு உணர்வியைத் தூண்டுகிறது. இதைக் கண்டறிந்ததற்காக டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சுடுகிறது என்று ஏமாறும் உடல் நெற்றியில் வியர்க்கவைக்கிறது. மின்விசிறியின் கீழே உட்கார்ந்தால் அந்த வியர்வை காய்ந்து இதம் தரும். காற்றோட்டமில்லாத இடத்தில் எரிச்சல் மட்டுமே மிஞ்சும்.

பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் டப்பா கட்டுபவர்களின் சிக்கல் வேறு: வெயிலில் தயிர் சாதம் பகலுக்குள் கடுமையாகப் புளித்துவிடுகிறது. உறைந்து முடிந்த தயிரில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் ஏற்கெனவே இருக்கின்றன. 35 டிகிரியில் அவை வேலையை நிறுத்துவதேயில்லை. இதற்கு நம் வீடுகள் கண்ட தீர்வு துல்லியமானது. குழைந்த சோற்றை நன்றாக ஆறவிட்டு, காய்ச்சி ஆற்றிய பாலை ஊற்றி, ஒரே ஒரு தேக்கரண்டி தயிரைக் கலந்து பிசைய வேண்டும். பாக்டீரியா குறைவாகவும் பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை மிகுதியாகவும் இருக்கும் அந்தக் கலவை காலை முழுவதும் டப்பாவுக்குள் மெல்லப் புளித்து, பாலின் கேசின் புரதம் திரண்டு, பகல் சாப்பாட்டு மணி அடிக்கும்போது அதிகம் புளிக்காத தயிர் சாதமாகியிருக்கும். பொடியாக நறுக்கிய வெள்ளரிப்பிஞ்சையும் மாங்காயையும் தனி டப்பாவில் வைத்துவிட்டால், நீர் விட்டுக்கொள்ளாமல் அப்போது கலந்துகொள்ளலாம்.