ஏறி இறங்குது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது?

கோத்தகிரியில் பேச்சு ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். மாலை வகுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போகிறவர்கள்: தேயிலை ஃபேக்டரி அலுவலகம், ஹோட்டல் ரிசப்ஷன், மெடிக்கல் ஷாப். "ஃப்ளக்சுவேட்" என்ற சொல் இவர்கள் எல்லோருக்குமே தெரியும். மழைக்காலத்தில் "வோல்டேஜ் ஃப்ளக்சுவேட் ஆகுது, ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணு" என்று சொல்லாத வீடு மலையில் உண்டா?

சிக்கல் அந்த "ஆகுது"வில்தான் இருக்கிறது.

ஃபேக்டரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் மாணவர் ஒருவர், வெளியூர் வியாபாரிக்கு மெயில் அனுப்பினார். விலை ஏன் வாரத்துக்கு ஒரு மாதிரி இருக்கிறது என்று அவர் கேட்டிருந்தார். இவர் "தி பிரைஸ் இஸ் ஃப்ளக்சுவேட்டட் எவ்ரி வீக்" என்று பதில் எழுதிவிட்டார். அரை மணி நேரத்தில் போன். "யார் மாற்றுகிறீர்கள்? எதற்காக மாற்றுகிறீர்கள்?" விலை தானாக ஏறி இறங்குகிறது என்று சொல்ல வந்தவர், யாரோ வேண்டுமென்றே ஏற்றி இறக்குவதாக எழுதிவிட்டார். மறுநாள் வகுப்பில் அதைச் சொல்லும்போது அவர் முகம் வாடியிருந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. தானாக நடப்பதைச் சொல்ல ஆங்கிலச் சொல் எதைத் தமிழுக்குள் எடுத்தாலும் "ஆகுது" சேர்த்துத்தான் பேசுகிறோம். போன் ஹேங் ஆகுது, பஸ் லேட் ஆகுது. திரும்ப ஆங்கிலத்துக்குப் போகும்போது அந்த "ஆகுது"வும் "இஸ்" என்றோ "கெட்டிங்" என்றோ கூடவே வந்துவிடுகிறது. ஃப்ளக்சுவேட் செயப்படுபொருள் குன்றிய வினை. எது ஏறி இறங்குகிறதோ அதுவே எழுவாய். "தி பிரைஸ் ஃப்ளக்சுவேட்ஸ்", அவ்வளவுதான். அரசாங்கமே விலையை ஏற்றினால் "ரெய்ஸ்ட்", குறைத்தால் "ரெட்யூஸ்ட்". அங்கே ஃப்ளக்சுவேட்டுக்கு வேலை இல்லை.

அந்த மாணவரிடம் குன்னூர் தேயிலை ஏலத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். வாராவாரம் ஏலம் நடக்கிறது. இந்த வாரம் இரண்டு ரூபாய் கூடும், அடுத்த வாரம் மூன்று ரூபாய் குறையும், அதற்கடுத்த வாரம் எப்படி என்று யாராலும் சொல்ல முடியாது. "ஆக்ஷன் பிரைசஸ் ஃப்ளக்சுவேட் ஃப்ரம் வீக் டு வீக்." இப்படி எழுதியிருந்தால் அந்த போனே வந்திருக்காது.

லத்தீனில் "ஃப்ளக்டஸ்" என்றால் அலை. இந்தச் சொல் அங்கிருந்துதான் வந்தது. எங்கள் வகுப்பில் அலையைக் காட்ட ஒரு பழைய ஸ்டெபிலைசர் இருக்கிறது, முள் வைத்தது. ஜூலையில் ஒரு மாலை நல்ல மழை. முள் 210ல் நின்றது, 180க்கு விழுந்தது, டியூப்லைட் மங்கியது, முள் 225க்குத் தாவி மறுபடி 190க்கு வந்தது. பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோரையும் அதையே பார்க்கச் சொன்னேன். ஏற்றமும் இருக்க வேண்டும், இறக்கமும் இருக்க வேண்டும், இரண்டும் ஒழுங்கில்லாமல் வர வேண்டும். அப்போதுதான் இந்தச் சொல்.

ஏறிக்கொண்டே போனால் அது "ரைசிங்". ஏப்ரல், மே சீசனில் ஊட்டியில் ரூம் வாடகை வருடா வருடம் கூடுவதும் "ரைஸ்" தான், எல்லோரும் எதிர்பார்ப்பது அது. கேரட் ஊட்டியில் ஒரு விலை, மேட்டுப்பாளையம் மண்டியில் ஒரு விலை என்றால் "வேரி". ஒரே மண்டியில் நேற்று 40, இன்று 55, நாளை 35 என்று போனால்தான் ஃப்ளக்சுவேட்.

இன்னொன்று. "பிரைசஸ் கோ அப் அண்ட் டவுன்" நல்ல ஆங்கிலம்தான். இன்டர்வியூவில் பெரிய சொல் வாயில் வராவிட்டால் தயங்காமல் அதைச் சொல்லுங்கள். "அப் அண்ட் டவுன் கமிங்" மட்டும் வேண்டாம்.

இந்தச் சொல்லை விடாமல் சொல்லிக்கொடுக்க எனக்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு மாணவி தன் அம்மாவைக் காய்ச்சலுக்காகக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனாள். டாக்டருக்குத் தமிழ் தெரியாது. "ஃபீவர் இஸ் இன்க்ரீசிங்" என்று சொல்லியிருக்கிறாள். தெர்மாமீட்டரில் அப்போது 99 தான். டாக்டருக்குக் குழப்பம், இவளுக்குப் பதற்றம். உண்மையில் மூன்று நாளாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. கையில் குறித்து வைத்திருந்த சீட்டைப் பார்த்ததும்தான் வகுப்பு ஞாபகம் வந்ததாம். "ஹெர் டெம்பரேச்சர் ஹேஸ் பீன் ஃப்ளக்சுவேட்டிங் பிட்வீன் 99 அண்ட் 103 சின்ஸ் சண்டே" என்றாள். டாக்டர் பேனாவை எடுத்துக்கொண்டு உடனே கேட்டாராம், எந்த நேரத்தில் ஏறுகிறது என்று.