வந்தேறி இனமா, மண்டும் அயலுயிரா?

“வந்தேறி இனங்களை வேரோடு அழிப்போம்.” சூழல் தினம் வந்தால் இப்படி ஒரு வசனம் எங்காவது ஒரு சுவரொட்டியில் தொங்கும். சில சமயம் “அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களை இனங்கண்டு ஒழிப்போம்” என்று மாறும். எழுதியவர் செடியைத்தான் சொல்கிறார், தெரியும். ஆனால் ஹட்டனிலோ பதுளையிலோ ஒரு தோட்டப் பாடசாலைப் பிள்ளை அதை எழுத்துக்கூட்டி வாசிக்கும்போது செடியா ஞாபகத்துக்கு வரும்? பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், ஆங்கிலத்தில் ‘invasive alien species’ எனப்படும் இதன் பொருள். ஓர் உயிர் தன் இயல்பான பரப்புக்கு வெளியே மனிதர் கையால் கொண்டுவரப்பட்டிருக்க வேண்டும். அது ஒன்று. அப்படி வந்த பிறகு கட்டுமீறிப் பெருகி அந்த இடத்து உயிர்ப்பல்வகைமைக்குக் கேடு செய்ய வேண்டும். அது இரண்டு. உயிரியற் பல்வகைமைச் சமவாயம் என்ற உலக உடன்படிக்கையின் தரப்பினர் 2002 இல் ஹேக் நகரில் ஏற்றுக்கொண்ட வழிகாட்டி நெறிகள் இந்த இரண்டையும் தனித்தனியாகவே வரையறுக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் இந்தப் பெயர் பொருந்தும். தேயிலையைப் பாருங்கள். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்டாரே, அது இந்த மண்ணுக்கு அயல்தான். ஆனால் நிரை பிடித்து நட்டால் நிரையிலேயே நிற்கும். தானாகக் காட்டுக்குள் போய்ப் பரவிக் காட்டைத் தின்பதில்லை. மாறாக, கோப்பியை அழித்த இலைத்துரு 1869 இல் இங்கே கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை. கண்ணுக்கே தெரியாத அதுதான் சில பத்தாண்டுகளில் ஒரு முழுத் தொழிலை விழுங்கியது.

சொல்லின் வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலச் சொல்லின் முன்பாதி ‘உள்ளே போதல்’ என்ற பொருளுள்ள இலத்தீன் வினையிலிருந்து வந்தது, பின்பாதி ‘பிறருடையது’ என்ற சொல்லிலிருந்து. செடிகளைச் சுதேசி, பரதேசி என்று பிரிக்கும் வழக்கத்தை 1847 வாக்கில் ஹியூவெட் வாட்சன் என்ற ஆங்கிலத் தாவரவியலாளர் உறுதிப்படுத்தினார். அந்தச் சொற்களை அவர் எடுத்தது குடியுரிமைச் சட்டத்திலிருந்து. 1958 இல் சார்ல்ஸ் எல்டன் என்ற சூழலியலாளர் படையெடுப்பு என்ற உருவகத்தையே தன் நூலின் தலைப்பில் வைத்தார். ஆக, சட்டமும் யுத்தமும் இந்தச் சொல்லுக்குள் முன்பே இருந்தன. அவை ஆங்கிலேயருடைய சட்டமும் யுத்தமும். தமிழுக்குக் கொண்டுவரும்போது அவற்றையும் சேர்த்துச் சுமக்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

சரி, ‘வந்தேறி’க்கு வருவோம். இந்தச் சொல்லைப் போட்டவர்கள் நல்ல தமிழ் என்று நினைத்துத்தான் போட்டார்கள். வந்து ஏறியது வந்தேறி. இலக்கணத்தில் குற்றமில்லை. குற்றம் அது வாழ்ந்த வாழ்க்கையில் இருக்கிறது. 1948 இன் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. எஞ்சியிருந்தவர்களுக்கு 2003 இல்தான் சட்டம் வந்தது. இத்தனை காலமும் எங்கள் தாத்தா பாட்டிமார் காதில் விழுந்த சொற்கள் கள்ளத்தோணி, வந்தேறி, தோட்டக்காட்டான். அந்தச் சொல்லை எடுத்து, பக்கத்தில் ‘இனம்’ என்று போட்டு, அதன் பின்னால் ‘அழிப்போம்’ என்று எழுதுகிறார்கள். எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது, நம்புகிறேன். ஆனால் வாசிப்பவருக்கு எப்படி இருக்கும் என்று ஒரு கணம் யோசித்திருந்தால் பேனா நின்றிருக்கும்.

‘இனம்’ தனிப் பிரச்சினை. பாடப்புத்தகத்தில் உயிரியல் வகைப்பாட்டுக்கும் இனம்தான், இனப்பிரச்சினை, இனக்கலவரம் என்னும்போதும் இனம்தான். சிங்களத்தில் இந்தத் தொல்லை இல்லை. அங்கே ‘ஆக்ரமணிக ஆகந்துக விசேஷ’ என்கிறார்கள். ‘விசேஷ’ என்பது உயிரின வகைக்கான சொல், மக்கள் கூட்டத்தைக் குறிக்க வேறு சொற்கள் உண்டு. ‘ஆகந்துக’ என்றால் வெளியிலிருந்து வந்தவர், விருந்தாளி என்றுகூடப் பொருள். அந்தச் சொல்லில் வசை இல்லை. சிங்கள மூலத்தை மேசையில் வைத்துக்கொண்டு தமிழாக்குகிறவர் ‘ஆக்ரமணிக’ என்பதை ‘ஆக்கிரமிப்பு’ என்று அப்படியே இறக்கிவிடுகிறார். ஒலி ஒன்றுதான், வழக்கு வேறு. நம் பேச்சில் ஆக்கிரமிப்பு என்றால் பிறர் காணியைப் பிடித்துக்கொள்வது. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் நான்கு பாத்தி கோவா போட்டவரிடம்கூட அந்தச் சொல்தான் வீசப்படுகிறது. ‘ஊடுருவல்’ இன்னும் மோசம். முப்பது வருட யுத்தச் செய்திகளில் அது எதற்குப் பயன்பட்டது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான அறிவியல் பிழை ஒன்றும் உண்டு. செடி தானாகத் திட்டம் போட்டு வந்ததுபோல் காட்டுகின்றன. ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சள் பூவோடு நிற்கும் ‘யூலெக்ஸ்’ முட்புதரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இலை இருக்க வேண்டிய இடமெல்லாம் முள். கை வைக்க இடமில்லை. பூவை முகர்ந்தால் தேங்காய் வாசம். காய் முற்றி வெயில் பட்டால் வெடித்து விதையைத் தூர எறியும். அந்த விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து முளைக்கும். வெட்டினால் அடிக்கட்டை துளிர்க்கும், எரித்தால் புதைந்த விதைக்கு அதுவே அழைப்பு. மேற்கு ஐரோப்பாவின் இந்தச் செடி கடல் தாண்டித் தானாக வரவில்லை, ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்தார்கள். ‘படையெடுத்தது’ என்று எழுதினால் கொண்டுவந்த கை மறைந்துவிடுகிறது. உலக நாடுகள் முதலில் பார்க்கச் சொல்வது அந்தக் கையைத்தான்: துறைமுகம், நாற்று வணிகம், அலங்கார மீன் வியாபாரம், கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நீர். வராமல் தடுப்பது முதல்படி. வந்துவிட்டால் சீக்கிரம் கண்டுபிடித்து ஒழிப்பது அடுத்தது. அதுவும் முடியாவிட்டால் பரவாமல் கட்டி வைத்துக் காலமெல்லாம் கட்டுப்படுத்துவது. ஒழித்தலும் கட்டுப்படுத்தலும் வேறுவேறு வேலைகள், வேறுவேறு செலவுகள். நம் கையேடுகளில் இரண்டுக்கும் ‘அழித்தல்’ என்று ஒரே சொல்.

என் தெரிவு ‘மண்டும் அயலுயிர்’. புல்வெட்டு நடக்காத மலையைப் பார்த்து “காடு மண்டிக் கிடக்கு” என்கிறோம். குளத்தில் சல்வீனியா என்ற மிதக்கும் நீர்ச்செடி மண்டும், மழைக்காலத்தில் மரக்கறித் தோட்டத்தில் நத்தை மண்டும். செடிக்கும் பிராணிக்கும் ஒத்து வருகிறது. நெருங்குதல், மிகுதல், அளவுமீறித் தின்னுதல், பொருதல் எல்லாம் இந்த வினையின் பழைய பொருள்கள். சங்கப் பாடல்களின் ‘மண்டமர்’ கடும்போர். தாக்குதல் என்ற சாயல் வேண்டும் என்பவருக்கு அதுவும் உள்ளேயே இருக்கிறது. மண்டு என்றால் மடையன் அல்லவா என்று ஒருவர் கேட்டார். ‘மண்டும்’ என்று வினையாக வரும்போது யாருக்கும் அந்தக் குழப்பம் வராது. ‘அயல்’ என்றால் பக்கத்து வீடுதானே, ஐரோப்பாச் செடி எப்படி அயலாகும் என்றார் இன்னொருவர். அயல்நாடு என்கிறோமே, அந்த அயல்தான் இது. ‘அயலவர்’ என்ற சொல்லில் பகை இல்லாதது கூடுதல் நன்மை. இனத்தை விட்டு ‘உயிர்’ என்று போட்டால் மனிதக் கூட்டத்தை இழுக்கும் ஆபத்தும் போய்விடும்.

வேறு நல்ல சொல் யாராவது தந்தால் ஏற்றுக்கொள்வேன். ஆனால் இரண்டு நிபந்தனையும் அதில் தெரிய வேண்டும். ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், உயிர்ப்பல்வகைமை பற்றி அரசுகளுக்கு அறிவியல் மதிப்பீடு தரும் ஐபிபிஈஎஸ் என்ற உலக அமைப்பு 2023 செப்டெம்பரில் வெளியிட்ட மதிப்பீட்டை எடுங்கள். மனிதரால் 37,000 க்கு மேற்பட்ட அயலுயிர்கள் உலகெங்கும் புது இடங்களில் நிலைகொண்டிருக்கின்றன, அவற்றில் 3,500 க்கு மேற்பட்டவைதான் கேடு செய்யும் மண்டும் அயலுயிர்கள் என்கிறது. அப்படியிருந்தும் பதிவான உயிரின அழிவுகளில் 60 சதவீதத்தில் அவற்றுக்குப் பங்குண்டு. 2019 இல் அவற்றால் ஏற்பட்ட செலவு 423 பில்லியன் டொலருக்கு மேல். 37,000, 3,500 என்ற இரண்டு எண்ணுக்கும் ‘வந்தேறி’ என்று ஒரே சொல் போட்டால் 37,000 மும் வெட்டத்தக்கவை என்று ஆகிவிடும். தேயிலையும் கோவாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிடும்.

2022 டிசம்பரில் மொன்றியலில் நாடுகள் ஒப்புக்கொண்ட உயிர்ப்பல்வகைமைத் திட்டத்தின் ஆறாவது இலக்கை நான் தமிழாக்கினால் இப்படித்தான் எழுதுவேன்: “அயலுயிர்கள் நுழையும் வழிகளைக் கண்டறிந்து கையாண்டு, மண்டுவதாக அறியப்பட்ட அல்லது மண்டக்கூடிய அயலுயிர்கள் புகுவதையும் நிலைகொள்வதையும் 2030 க்குள் குறைந்தது 50 சதவீதம் குறைத்தல்.”