குறைவாகக் குடித்து, கூடுதலாகப் புகைத்த வாகனம்

லிட்டருக்கு 60 கிலோமீட்டர் கொடுக்கும் பைக், 18 கிலோமீட்டர் கொடுக்கும் காரைவிடச் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்பதில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. குடிக்கும் பெட்ரோல் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படியானால் விடும் புகையும் மூன்றில் ஒரு பங்காகத்தானே இருக்க வேண்டும்? சைலன்சரிலிருந்து வெளியே வருபவற்றில் ஒன்றுக்கு மட்டும் இந்தக் கணக்கு அச்சுப் பிசகாமல் பொருந்தும். மற்றவற்றுக்குப் பொருந்தாது. பொருந்தாதது மட்டுமல்ல, பல ஆண்டுகள் நிலைமை தலைகீழாகவே இருந்தது.

பொருந்துவதை முதலில் பார்த்துவிடலாம், அது சுலபம். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அதில் 640 கிராம் அளவுக்குக் கார்பன், மீதி ஹைட்ரஜன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்வதால், அந்த ஒரு லிட்டர் ஏறத்தாழ 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடாகிறது. முக்கால் கிலோ திரவத்திலிருந்து அதைப்போல் மூன்று மடங்கு எடையுள்ள வாயு வருகிறது என்றால் முதலில் கேட்பவர்கள் நம்ப மறுப்பார்கள். கூடுதல் எடை முழுவதும் காற்று கொடுத்தது. எந்த இன்ஜினில் ஊற்றினாலும் இந்த எண் பெரிதாக மாறாது. ஆகவே நம் பைக் கிலோமீட்டருக்கு 38 கிராம் விடுகிறது, கார் 128 கிராம் விடுகிறது. புவி வெப்பமடைவதைப் பற்றி மட்டும் கவலைப்படுபவர் தீர்ப்பை இங்கேயே எழுதிவிடலாம்.

ஆனால் இந்த எண்களிலேயே ஒன்று உறுத்துகிறது. 100 சிசி பைக்கின் எடை 110 கிலோ சொச்சம், சிறிய காரின் எடை 900 கிலோ. ஓட்டுபவரைச் சேர்த்துப் பார்த்தாலும் ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். மைலேஜ் மட்டும் ஏன் மூன்று மடங்குச் சுற்றில் நின்றுவிடுகிறது?

ஒரு முக்கியக் காரணம் காற்று. நின்று நின்று கிளம்பும் நகர ஓட்டத்தில் பெட்ரோலைத் தின்பது எடை. வேகம் கூடக் கூட எடையின் பங்கு குறைந்து காற்றின் எதிர்ப்பு மேலோங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்த எதிர்ப்பு நான்கு மடங்காகும். காரின் உடல் காற்று வழுக்கிச் செல்லும்படி வடிவமைக்கப்பட்டது. பைக்கிலோ ஒரு மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். ஹெல்மெட், தோள், முழங்கால், பக்கக் கண்ணாடி, பறக்கும் சட்டை என்று காற்றில் சுழல் கிளப்ப ஏகப்பட்ட இடங்கள். காற்றை எதிர்கொள்ளும் முன்பரப்பு பைக்குக்குக் காரில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் ஒவ்வொரு சதுர அடிக்கும் அது காரைப்போல் இரண்டு மடங்கு தடையைச் சந்திக்கிறது. பெருக்கிப் பார்த்தால் மிஞ்சும் ஆதாயம் கொஞ்சம்தான். ஐம்பதில் போகும்போது மைலேஜில் கொடிகட்டிப் பறக்கும் பைக், நெடுஞ்சாலையில் தொண்ணூறை எட்டும்போது சோர்ந்துவிடுவது இதனால்தான். 1000 சிசி பைக்குகளின் கதை இன்னும் மோசம். அவை லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது. அவற்றில் ஏறிக்கொண்டு சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசக் கூடாது.

இனி அந்த இன்னொரு கணக்கு. பெட்ரோல் முழுமையாக எரிந்தால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் மட்டுமே வர வேண்டும். எந்த இன்ஜினிலும் அப்படி நடப்பதில்லை. சமையலறை அடுப்பில் காற்று சரியாகக் கலக்காதபோது தீ மஞ்சளாகிப் பாத்திரத்தின் அடி கரிபிடிப்பதைப்போல, இன்ஜினுக்குள்ளும் காற்றுப் பற்றாக்குறையால் எரிதல் பாதியில் நிற்கிறது. பாதி எரிந்தது கார்பன் மோனாக்சைடாகவும், எரியாமலே தப்பியது ஹைட்ரோகார்பனாகவும் வெளியேறுகின்றன. மிகுந்த சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகளாகிறது. கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இரண்டும் வெயிலில் வினைபுரிந்து, தரைமட்டத்தில் நுரையீரலை எரிக்கும் ஓசோனை உருவாக்கும். இவற்றின் அளவைத் தீர்மானிப்பது எவ்வளவு பெட்ரோல் எரிந்தது என்பதைவிட எப்படி எரிந்தது, எரிந்தபின் யார் சுத்தம் செய்தார்கள் என்பதே. பைக் தோற்ற இடம் இதுதான்.

தோல்வியின் முதல் பாகம் டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். பஜாஜ் சேத்தக், யமஹா ஆர்எக்ஸ் 100, டிவிஎஸ் 50 என்று ஒரு தலைமுறையையே சுமந்தது அது. அதன் அழகு எளிமையில் இருந்தது. வால்வுகள் இல்லை, அவற்றை இயக்கும் கேம் ஷாஃப்ட் இல்லை. சிலிண்டரின் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே ஏறி இறங்கித் திறந்து மூடும். பிஸ்டன் கீழே வரும்போது முதலில் புகை வெளியேறும் துளை திறக்கும். சற்று நேரத்தில் புதிய பெட்ரோல்-காற்றுக் கலவை நுழையும் துளையும் திறக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் அந்தக் கணத்தில், புதிய கலவைதான் பழைய புகையை வெளியே தள்ள வேண்டும். தள்ளிக்கொண்டே தானும் கொஞ்சம் வெளியே போய்விடும். கொஞ்சம் என்பது சாதாரணமல்ல, உள்ளே வந்த பெட்ரோலில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை எரியாமலே சைலன்சர் வழியாக ஓடிவிடும். போதாக்குறைக்கு, இன்ஜினின் அடிப்பகுதி வழியாகவே கலவை வருவதால் அங்கே தனியாக ஆயில் தேக்கிவைக்க முடியாது. பாகங்கள் தேயாமல் காக்கும் 2டி ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்தே உள்ளே போக வேண்டும். அந்த ஆயில் அரைகுறையாக எரிந்து வந்ததே நமக்குப் பழக்கமான நீலப் புகை. ஆர்எக்ஸ் 100-இன் சத்தத்தை நினைத்து உருகுபவர்கள் பின்னால் வந்தவரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

2000-இல் நடைமுறைக்கு வந்த விதி, இருசக்கர வாகனத்தின் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து கிலோமீட்டருக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது என்றது. 2005-இல் அது 1.5 கிராமாகவும் 2010-இல் 1 கிராமாகவும் குறைந்தது. ஒவ்வொரு படியிலும் டூ-ஸ்ட்ரோக் பின்வாங்க, கலவை நுழையவும் புகை வெளியேறவும் தனித்தனி வால்வுகள் கொண்ட ஃபோர்-ஸ்ட்ரோக் அதன் இடத்தைப் பிடித்தது. பெட்ரோல் வீணாவது நின்றதால் மைலேஜும் ஏறியது.

அதோடு பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை, ஏனென்றால் கார் இதற்குள் வேறொரு உயரத்துக்குப் போய்விட்டது. 1995-இலேயே டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கி மாற்றி கட்டாயமானது. பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு வடிவப் பீங்கான் அது. அதன் வழியாகப் போகும் மூன்று நச்சுகளும் பெருமளவு தீங்கற்ற வாயுக்களாக மாறும். ஆனால் அது முழுத் திறனோடு வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு: ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று. பெட்ரோல் கூடினால் கார்பன் மோனாக்சைடு தப்பும், காற்று கூடினால் நைட்ரஜன் ஆக்சைடு தப்பும். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரால் இந்த விகிதத்தைப் பிடித்துவைக்க முடியாது. புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார், அது சொல்வதைக் கேட்டு விநாடிக்குப் பல முறை பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் கம்ப்யூட்டர், அதன் கட்டளைப்படி தெளிக்கும் இன்ஜெக்டர் என்று ஒரு முழுக் குழுவே தேவை. கார்களில் அது வந்தது. பைக்கில் கார்புரேட்டரே தொடர்ந்தது. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைத் திருகி, காதால் கேட்டு சரிபார்க்கும் கலை பைக்கில்தான் கடைசிவரை உயிரோடு இருந்தது.

2010-இல் வந்த அந்த விதிக்குப் பெயர் பிஎஸ்-3, அதாவது பாரத் ஸ்டேஜ் 3. அதில் இந்த இடைவெளி அப்படியே தெரிகிறது. ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்ந்து பெட்ரோல் காருக்கு அனுமதி 0.35 கிராம், பைக்குக்கு 1 கிராம். மூன்றில் ஒரு பங்கு பெட்ரோல் எரிக்கும் வாகனத்துக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு சலுகை. லிட்டருக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால் ஒன்பது மடங்குக்கு மேல் வரும். இயற்பியல் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. காரின் விலையில் ஒரு மூலையில் ஒளிந்துகொள்ளும் சென்சாரும் வினையூக்கியும் பைக்கின் விலையில் துருத்திக்கொண்டு தெரியும். அவ்வளவுதான் காரணம்.

2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-3 வாகனங்களை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அடுத்த இரண்டு நாட்கள் பைக் ஷோரூம்களில் நடந்த தள்ளுபடித் திருவிழா பலருக்கு நினைவிருக்கும். அதற்குப்பின் வந்த பிஎஸ்-4 பைக்குகளில், வெயிலில் நிற்கும் டேங்க்கிலிருந்து கசியும் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி டப்பாவும் இடம்பெற்றது. நின்றுகொண்டிருக்கும் வாகனமும் காற்றைக் கெடுக்கும் என்பதை விதி அப்போதுதான் பைக்குக்கும் பொருத்திப் பார்த்தது. பிறகு 5-ஐத் தாண்டிக் குதித்து, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6. கார்புரேட்டர் பெரும்பாலும் விடைபெற்றது, 100 சிசி பைக்கிலும் இன்ஜெக்டர் ஏறியது. வரம்புகளைப் பாருங்கள்: கார்பன் மோனாக்சைடு 1 கிராம், ஹைட்ரோகார்பன் 0.1 கிராம், நைட்ரஜன் ஆக்சைடு 0.06 கிராம். பெட்ரோல் காருக்கும் இதே எண்கள்தான்.

காகிதத்தில் சமம். சாலையில் சமமாவதற்கு வினையூக்கி இருந்த இடத்தில் இருக்க வேண்டும். 'கெத்தாக' ஒலிக்க வேண்டும் என்று கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டும்போது, பல பைக்குகளில் வினையூக்கியும் அதோடு சேர்ந்து போய்விடுகிறது. சத்தம் எல்லோருக்கும் கேட்கிறது. புகை கண்ணுக்குத் தெரியாததால் தப்பித்துவிடுகிறது. ஆண்டுதோறும் எடுக்கும் புகைச் சான்றிதழும் பெரிய காவல் அல்ல. அந்தச் சோதனை வண்டி நின்ற நிலையில் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பனையும் மட்டுமே அளக்கிறது, நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. மேலும், வினையூக்கி சுமார் 300 டிகிரி சூடான பிறகே முழுமையாக விழித்துக்கொள்ளும். தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போய்வரும் பயணத்தில் அது தூங்கிக்கொண்டே இருக்கிறது.

ஒரு பைக் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் கூட்டினால் காட்சி மாறும். இந்தியாவில் 2013-இல் எடுக்கப்பட்ட ஓர் ஆய்வில், விற்கும் பெட்ரோலில் ஏறத்தாழ 60 சதவீதம் இருசக்கர வாகனங்களுக்கே போவது தெரியவந்தது. கார்களின் பங்கு மூன்றில் ஒன்றுதான்.

மின்சார வாகனக் கணக்கு எனக்கு வியப்பாகவே இருந்தது. நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சராசரியாக 700 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது, பெரும்பகுதி நிலக்கரி என்பதால். மின் ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் எடுத்தால், கிலோமீட்டருக்கு 25 கிராம். மின்சாரக் கார் 14, 15 யூனிட் எடுக்கும். அது 100 கிராமைத் தொடும். பெட்ரோலைச் சுத்திகரித்துக் கொண்டுவரும் செலவாக ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்தாலும், சாதாரணப் பெட்ரோல் பைக் 46 கிராமில் நிற்கிறது. அதாவது வெப்பமயமாதல் கணக்கில் மட்டும், மின்சாரக் கார் விடுவதில் பாதிக்கும் குறைவாகவே விட்டு, பெட்ரோல் பைக் அதை இன்றும் தோற்கடிக்கிறது. மூன்று யூனிட் பேட்டரிக்கும் முப்பது யூனிட் பேட்டரிக்கும் தோண்டியெடுக்க வேண்டிய உலோகங்களை இதில் சேர்க்கவே இல்லை. தெருவின் காற்றைப் பொறுத்தவரை, சைலன்சரே இல்லாத இரண்டு மின் வாகனங்களுக்கும் முன் பெட்ரோல் பைக் தோற்கும்.

இதுவரை வாகனத்தை வாகனத்தோடு ஒப்பிட்டோம். போவது மனிதர்கள். காரில் நால்வர் ஏறினால் 128 கிராம் தலைக்கு 32 ஆகி, தனியாகப் போகும் பைக்கின் 38-ஐ முந்திவிடும். பைக்கில் பின்னால் ஒருவர் ஏறினால் 19. லிட்டர் டீசலுக்கு 4 கிலோமீட்டர் கொடுக்கும் பஸ் கிலோமீட்டருக்கு 670 கிராம் விடுகிறது. 50 பேர் இருந்தால் தலைக்கு 13. நம் ஊர்களில் முதல் பைக் வாங்குபவர் பெரும்பாலும் காரை விட்டு வருவதில்லை, பஸ்ஸையோ சைக்கிளையோ விட்டு வருகிறார். அவருடைய 38 கிராமை ஒப்பிட வேண்டியது 128-ஓடு அல்ல. அதேசமயம், நடுப்பகலில் பத்துப் பேரோடு ஓடும் பஸ்ஸில் தலைக்கு 67 கிராம் ஆகிறது, அந்நேரத்தில் பைக்கே மேல் என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் அந்த பஸ் எப்படியும் ஓடத்தான் போகிறது. பதினோராவது ஆளாக ஏறுபவர் அதன் புகையில் கூட்டுவது ஏறத்தாழ ஒன்றுமில்லை.