ஊர் எவ்வளவு வளரும்? பழைய கணக்கும் புது மனைகளும்

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளியைத் தாண்டி மண்டபம் போகிற வழியில் பார்த்திருப்பீர்கள். பனையை வெட்டிச் சமப்படுத்திய மணல் தரை, வரிசையாக ஊன்றிய மஞ்சள் கற்கள், முகப்பில் ஒரு வளைவு. உள்ளே ஒரு வீடுகூட இருக்காது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கும். இவ்வளவு மனை யாருக்கு என்று கேட்டால், "ஊர் வளருதுல்ல" என்பார்கள். சரி, எவ்வளவு வளருது?

ஓர் ஊருக்கு முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) போடும்போது, இன்னும் 20, 30 வருடத்தில் அங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று முதலில் கணிக்கிறார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் வீட்டுக்கு எவ்வளவு நிலம், கடைக்கு எவ்வளவு, எந்த வயலை மனையாக மாற்றலாம் என்பதெல்லாம் முடிவாகிறது. எளிய முறை கூட்டுவட்டி மாதிரிதான்: போன பத்தாண்டில் வளர்ந்த வேகத்திலேயே இனியும் வளரும் என்று வைத்துக்கொள்வது.

10,000 பேர் உள்ள ஊரை எடுத்துக்கொள்வோம். பத்தாண்டுக்கு 30 சதவீதம் என்று போட்டால் 30 வருடத்தில் 21,970 பேர். 14 சதவீதம் என்று போட்டால் 14,815 பேர்தான். வித்தியாசம் 7,155. ஹெக்டேருக்கு 100 பேர் என்று நிலம் ஒதுக்கினால், வராத ஆட்களுக்காக ஏறக்குறைய 177 ஏக்கர் மனையாகிவிடும். வட்டிக்கு வட்டி ஏறுவதுபோல, தொடக்கத்தில் செய்த பிழை வருடம் போகப் போகப் பெருகும்.

14 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. ராமநாதபுரம் மாவட்டத்தில் 2001-ல் 11,87,604 பேர். 2011-ல் 13,53,445 பேர். வளர்ச்சி ஏறக்குறைய 14 சதவீதம். அதற்கப்புறம் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2021-ல் நடக்க வேண்டியது 2027-க்குத் தள்ளிப்போய்விட்டது. இதற்கிடையில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் தமிழகத்தில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்விலேயே 1.8 ஆகிவிட்டது, மக்கள்தொகை குறையாமல் நிற்கவே 2.1 வேண்டும். ஆகவே பழைய வேகத்தை அப்படியே நீட்டுவது சரியாக வராது. பிறப்பு, இறப்பு, வருவோர், போவோர் என்று நான்கையும் தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.

இந்தக் கரையில் போவோர் கணக்கு பெரியது. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வளைகுடாப் பணத்தில் கட்டிய மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. தெருவைப் பார்த்தால் ஊர் பெருத்ததுபோல் இருக்கும். ஆனால் பல வீடுகளில் பூட்டுதான் தொங்குகிறது. கட்டடத்தை எண்ணி ஆளைக் கணித்தால் ஏமாந்துதான் போவோம்.

ராமேஸ்வரத்தில் பிழை எதிர்ப்பக்கம் போகும். 2011 கணக்கெடுப்பில் அந்த ஊரில் 44,856 பேர். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் வந்து நிற்கும் கூட்டம் அந்த எண்ணில் இல்லை. ஆனால் அவர்கள் குளிக்கிற, குடிக்கிற தண்ணீர் மட்டும் தீவின் கணக்கிலிருந்துதான் போகிறது.

தண்ணீர் என்று சொல்லும்போதுதான் எனக்குக் கவலை கூடுகிறது. தனுஷ்கோடிப் பக்கம் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைத் தோண்டி, ஊறுகிற நீரைச் சிரட்டையால் கோரிக் குடத்தில் ஊற்றுவார்கள். உப்புக் கரிக்காது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி இருந்தால் கீழே சுமார் 40 அடிவரை இருக்கும். இதைத் திருப்பிப் பாருங்கள்: ஆழ்துளைக் கிணறு போட்டு அந்த ஓரடியை இறக்கினால், காலப்போக்கில் உப்பு கீழிருந்து 40 அடி ஏறிவிடும். ஊற்று கரிக்க ஆரம்பித்தால் திரும்ப இனிக்கப் பல மழைக்காலம் ஆகும்.

கணிப்பு கூடினால் மணல்மேட்டை மனையாக்கிச் சிமெண்ட் போட்டு மழை இறங்குகிற வழியை மூடுகிறோம். குறைந்தால் வந்தவர்களுக்காக அளவில்லாமல் உறிஞ்சுகிறோம். இரண்டு பிழையும் அதே வில்லையைத்தான் தேய்க்கின்றன.

வரைவுத் திட்டம் வெளியானால் பொதுமக்களிடம் ஆட்சேபனை கேட்பது சட்டப்படியான நடைமுறை. வண்ண வரைபடத்தில் நம் மனை மஞ்சளா (குடியிருப்பு) பச்சையா (விவசாயம்) என்று பார்ப்பதோடு விட்டுவிடாமல், மக்கள்தொகை அட்டவணையையும் புரட்டுங்கள். அடிப்படை ஆண்டு எது? எந்த வேகத்தை நீட்டியிருக்கிறார்கள்? வெளிநாடு போனவர்களும் அமாவாசைக் கூட்டமும் அதில் எங்கே? 2027 எண்கள் வந்ததும் திருத்துவார்களா? இந்த நான்கையும் எழுத்தில் கேட்டு, மனு கொடுத்ததற்கு ரசீதும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.