யூரின் பை ஏன் ஊதாவாகிறது?

"பக்கவாதத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்கு யூரின் டியூப் போட்டிருக்கிறோம். நேற்றிலிருந்து பை ஊதாவாகத் தெரிகிறது. செய்வினை என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள்" என்று வாசகி ஒருவர் எழுதியிருந்தார். யாரும் எதுவும் செய்யவில்லை, சகோதரி. 1978-லேயே மருத்துவ இதழில் பதிவான விஷயம் இது.

பருப்பு, பால், முட்டையின் புரதத்தில் டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அதில் மிஞ்சியதைக் குடல் பாக்டீரியாக்கள் இண்டோலாக்குகின்றன. மலச்சிக்கல் இருந்தால் இன்னும் அதிகமாக. கல்லீரல் அதை இண்டாக்சில் சல்பேட்டாக்க, சிறுநீரகம் வெளியேற்றுகிறது. எல்லோர் சிறுநீரிலும் இது உண்டு, நிறம்தான் கிடையாது.

டியூபின் மேல் பாக்டீரியாக்கள் வழவழவென்று படலம் கட்டிக் குடியேறும். கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் போன்ற சிலவற்றிடம் சல்பேட்டைக் கழற்றிவிடும் நொதி இருக்கிறது. கழன்றதும் தனித்துவிடும் இண்டாக்சில், ஆக்சிஜன் பட்டவுடன் இரண்டிரண்டாக இணைந்து நீல இண்டிகோவும் சிவப்பு இண்டிருபினும் ஆகிறது. இரண்டும் கலந்தால் ஊதா! சாயம் பிளாஸ்டிக்கிலும் ஊறிவிடுவதால், சிறுநீரைக் கொட்டினாலும் பை வெளுக்காது.

திண்டிவனம் பக்கம் அவுரி இலையிலிருந்து நீலம் எடுப்பதும் இதே வேதியியல்தான். இலையில் இண்டாக்சிலைப் பிடித்துவைத்திருப்பது சல்பேட் அல்ல, சர்க்கரை. தொட்டியில் ஊறும்போது சர்க்கரை கழல்கிறது. நீரை அடித்துக் கலக்கும்போது காற்று சேர்கிறது. பச்சையாக இருந்த நீர் கண்ணெதிரே நீலமாகும். ஒரு செடியும் ஒரு மனித உடலும் ஒரே சாயத்தில் வந்து சேர்வது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

நிறம் ஆபத்தில்லை, ஆனால் கிருமி இருப்பதைக் காட்டுகிறது. டாக்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் டியூபையும் பையையும் மாற்றி, மலச்சிக்கலுக்கு மருந்து கொடுப்பார்கள். காய்ச்சலோ வலியோ இல்லையென்றால் ஆன்டிபயாட்டிக் பெரும்பாலும் தேவைப்படாது, நீங்களாக எப்போதும் வாங்கிக் கொடுக்காதீர்கள். மாதக்கணக்கில் டியூப் இருப்பவர் சிறுநீரில் பாக்டீரியா எப்படியும் இருக்கும். தேவையில்லாமல் மருந்து கொடுத்தால், அதற்கு அடங்காதவைதான் மிஞ்சும்.

டியூபோடு வீட்டுக்கு அனுப்பும்போதே பராமரிப்பைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பல இடங்களில் ஒரு சீட்டோடு முடித்துவிடுகிறார்கள். மந்திரிக்கச் சொல்பவர்கள் நுழைவது அந்த இடைவெளியில்தான்.

பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக்கூடாது. டியூபைத் தொடையில் பிளாஸ்டர் போட்டு நிறுத்துங்கள், இழுபட்டால் புண்ணாகும். பை நிரம்பி வழியும்வரை விடாதீர்கள். தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். டியூப் நுழையும் இடத்தைத் தினமும் சோப்பு நீரில் துடைத்தால் போதும், டெட்டால் வேண்டாம். பையையும் டியூபையும் தேவையில்லாமல் பிரிக்காதீர்கள். குளிர்காய்ச்சல், அடிவயிற்று வலி, திடீர்க் குழப்பம் வந்தாலோ, சிறுநீர் இறங்குவது நின்றாலோ, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.